ஜீப் 9.6 சென்டிமீட்டர், வீடு ஒன்றே முக்கால் மீட்டர்: செட்டிநாட்டுத் திண்ணையைக் குட்டியாகக் கட்டிய கதை

[காட்சி: திண்ணைச் சுவர், மிக அருகில். ஒரு பழுப்புக் கறை.]

இந்தச் சுவரில் ஒரு கறை தெரிகிறதா? உற்றுப் பாருங்கள், என் நகத்தின் நுனி அளவுதான் இருக்கும். சுவரைக் கட்ட எனக்கு இரண்டு நாள் ஆனது. இந்தக் கறைக்கு மூன்று நாள். நடுவில் ஒரு சுவர் முழுசாகக் குப்பைக்குப் போனது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். இப்போதே வீடியோவை ஓட்டிப் பார்க்காதீர்கள். பார்ப்பீர்கள் என்று தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

வணக்கம். காரைக்குடியில் என் மொட்டைமாடி அறையிலிருந்து பேசுகிறேன். மின்விசிறியை அணைத்துவிட்டுத்தான் இந்த வேலை செய்ய முடியும், ஓடு பறந்துவிடும். அதனால் முகம் வேர்த்திருந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

முதலில் ஜீப். இரண்டாம் உலகப்போர் வில்லிஸ் ஜீப், 1/35 ஸ்கேல், அதாவது நிஜத்தில் 35இல் ஒரு பங்கு. கடையில் வாங்கிய கிட், பாகங்களைப் பெட்டியிலிருந்து எடுத்து நாமே ஒட்ட வேண்டும். 1/35 என்பது என்ன விசித்திரமான கணக்கு, 1/30 அல்லது 1/40 என்று வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் டாமியா நிறுவனம் பேந்தர் டாங்கி ஒன்றை மோட்டாரில் ஓடும் பொம்மையாகச் செய்தது. உள்ளே பேட்டரி அடங்க வேண்டும், அதற்கு ஏற்ற அளவில் உடம்பைச் செய்தார்கள். அப்புறம் அளந்து பார்த்தால் நிஜத்தில் சுமார் 35இல் ஒரு பங்கு வந்தது. அவ்வளவுதான். உலகம் முழுக்க ராணுவ மாடல் செய்பவர்கள் இன்றும் பேட்டரியின் அளவுக்குக் கட்டுப்பட்டு நடக்கிறார்கள்.

ஜீப்பை ஒட்டி முடித்தாயிற்று. இனி அதை எங்கே நிறுத்துவது? கடையில் கிடைக்கும் கட்டட கிட்டுகளைத் தேடினால் பிரான்ஸ் பண்ணை வீடு, குண்டு விழுந்த ஐரோப்பியத் தெருமுனை, இப்படித்தான் வரும். முகப்பும் திண்ணையும் வைத்த வீடு எந்தப் பெட்டியிலும் இல்லை. நமக்கு வேண்டுமென்றால் நாமே வெறும் அட்டையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இதற்குத்தான் ஸ்க்ராட்ச் பில்ட் என்று பெயர்.

கதை இதுதான்: போர் முடிந்துவிட்டது. ராணுவம் கழித்துப்போட்ட ஜீப்பை யாரோ ஏலத்தில் எடுத்து ஊருக்கு ஓட்டி வந்திருக்கிறார். ஒரு செட்டிநாட்டு வீட்டு வாசலில் நிறுத்தியிருக்கிறார். குண்டு இல்லை, புகை இல்லை. கதவு திறந்திருக்கிறது.

சரி, கணக்கு. நிஜ ஜீப் சுமார் 3.35 மீட்டர் நீளம். 35ஆல் வகுத்தால் 9.6 சென்டிமீட்டர், உள்ளங்கையில் உட்கார்ந்துவிடும். இப்போது வீடு. நம்மூரில் ஒரு தெருவில் முன்வாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கும் வீடுகள் உண்டு. முகப்பு, வளவு என்கிற நடு முற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி என்று போய்க்கொண்டே இருக்கும். 200 அடி நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1/35இல் அது 1.74 மீட்டர்! என் கட்டிலில் கிடத்தினால் நான் தரையில் படுக்க வேண்டும். மாடலுக்கே இந்தக் கதி என்றால் இதைக் கூட்டிப் பெருக்கியவர்களை நினைத்துப் பாருங்கள்.

அதனால் முகப்பு மட்டும். அதிலும் ஒரு கதவு, இரண்டு தூண், ஒரு பக்கத் திண்ணை, ஒரு ஜன்னல். 22 சென்டிமீட்டர் அகலம்.

ஒரு அடி என்றால் 8.7 மில்லிமீட்டர். இந்த ஒரு எண்ணை மட்டும் சுவரில் எழுதி ஒட்டுங்கள், போதும்.

சுவருக்கு சன்போர்டு, லேசான நுரைப் பலகை. விளம்பரப் பலகை செய்யும் கடையில் துண்டுகள் மலிவாகக் கிடைக்கும். இங்கே எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு, முதலில் நானும் செய்தேன்: ஒரே பலகையைச் சுவர் என்று நிறுத்திவிடுவது. பழைய வீட்டுச் சுவர் ஒன்றரை அடி கனம் இருக்கும், அதாவது 13 மில்லிமீட்டர். ஜன்னல் குழிக்குள் அந்தக் கனம் தெரியவில்லை என்றால் வீடு சினிமா செட் மாதிரி ஆகிவிடும், பின்னால் ஆள் முட்டுக் கொடுத்து நிற்பதுபோலத் தோன்றும். இரண்டு பலகை, நடுவில் இடைவெளிக்குத் துண்டு, அவ்வளவுதான்.

பூச்சுக்கு வருவோம். செட்டிநாட்டுப் பூச்சில் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய் எல்லாம் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல கோட் பூசி, கடைசியில் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவார்கள். தொட்டால் சில்லென்று இருக்கும். என்னுடையதில் முட்டை இல்லை, முட்டையை ஆம்லெட் போட்டுவிட்டேன். வால் புட்டியில் கொஞ்சம் ஃபெவிகால் கலந்து மூன்று கோட், ஒவ்வொன்றும் காய்ந்ததும் தண்ணீர்த் தாளால், அதாவது நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளால் தேய்ப்பு. கடைசியில் முகப் பவுடர் தூவி, கரண்டியின் முதுகால் வட்டமாகத் தேய்த்தால் மெல்ல ஒரு மினுமினுப்பு வரும். கொத்தனார்கள் மன்னிக்கவும்.

தூண்: பென்சில். ஆமாம், உருண்டைப் பென்சில்! ஏழு மில்லிமீட்டர் தடிமன், அதை 35ஆல் பெருக்கினால் சுமார் 25 சென்டிமீட்டர். பர்மா தேக்குத் தூணுக்குப் பொருத்தமான பருமன். பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுக் கெட்டி டிகாஷனில் ஊறவைத்து, பழுப்பு ஷூ பாலிஷ் போட்டுத் துடைத்தால் தேக்கேதான். ஜன்னல் கம்பிகள் நிமிர்த்திய ஸ்டேப்ளர் பின்கள். கூரைக்கு அட்டைப்பெட்டியைப் பிரித்தால் உள்ளே வரும் நெளி அட்டை, பட்டை பட்டையாக வெட்டி அடுக்கினால் நாட்டு ஓடு.

நிலைக்கு மேலே இருக்கும் கஜலட்சுமியைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அளவெடுக்க நான் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனேன். இடித்த வீடுகளின் கதவு, நிலை, தூண், பூட்டு எல்லாம் பழைய சாமான் கடைகளில் சாய்த்து வைத்திருப்பார்கள், டேப்பைப் பிடித்தால் யாரும் திட்டுவதில்லை. அங்கே பார்த்த வேலைப்பாட்டை எம்-சீலில், அதாவது ஓட்டை அடைக்கும் பசைக்களிம்பில் செதுக்க உட்கார்ந்தேன். லட்சுமி ஒரு சென்டிமீட்டர், பக்கத்தில் யானை அதைவிடச் சின்னது. நான்கு மணி நேரம். கீழ்வீட்டு ஆச்சி பார்த்துவிட்டு, "தம்பி, இதென்ன, ரெண்டு பக்கமும் தவளை?" என்றார்கள்.

தவளையைப் பிய்த்துப் போட்டேன். மறுநாள் கவரிங் கடையில் காசுமாலை தொங்குவதைப் பார்த்தேன். ஒவ்வொரு காசிலும் லட்சுமி! பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர். உதிரிக் காசு ஒன்று வாங்கி நிலைக்கு மேல் ஒட்டி, பழுப்பு அடித்து, மேடுகளில் மட்டும் லேசான நிறத்தை உலர்ந்த தூரிகையால் தடவினேன். இந்த வீடியோவில் வேறெதுவும் பிடிக்காவிட்டாலும் அந்தக் காசுக்காக ஒரு லைக் போடுங்கள்.

தரை. ஆத்தங்குடிக் கல், அதாவது பக்கத்து ஆத்தங்குடியில் கையால் செய்யும் பூப்போட்ட தரை ஓடு, இல்லாமல் எப்படி? எட்டங்குலக் கல் 1/35இல் 5.8 மில்லிமீட்டர். என் முகப்புக்கு 380 கல். ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின்மேல் அச்சு வைத்து நிறம் ஊற்றி, அதன்மேல் சிமென்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துப் பிறகு கண்ணாடியைப் பிரித்து எடுப்பார்கள். கண்ணாடியின் வழவழப்புத்தான் கல்லின் முகத்தில் வருகிறது. அதேபோல நானும் கண்ணாடியில் பெயின்ட் அடித்து மேலே பிளாஸ்டர் ஊற்றினேன். பிரித்தேன். பெயின்ட் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது, பிளாஸ்டர் வெள்ளையாகச் சிரித்தது. அதோடு விட்டேன். ஒரு பழைய தரையை நேர்மேலிருந்து படம் எடுத்து, மேட் ஸ்டிக்கரில் அச்சடித்து ஒட்டி, பிளேடின் முதுகால் இணைப்புக் கோடுகளை ஒவ்வொன்றாகக் கீறினேன். கீறாமல் விட்டால் லினோலியம் விரிப்பு மாதிரி இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. மாடல் செய்பவர்களுக்கு ஒரு பழக்கம், ஆள் நடக்கும் இடத்தை மங்கலாக்குவோம், மூலையைப் பளிச்சென்று விடுவோம். ஆத்தங்குடிக் கல் நேர் எதிர். நடக்க நடக்க மினுங்கும், மூலைதான் மங்கிக் கிடக்கும். அதனால் வாசலிலிருந்து கதவு வரை ஒரு பாதையில் மட்டும் பளபள வார்னிஷ், மற்ற இடத்தில் மேட். சாய்த்துப் பிடித்தால் ஆட்கள் நடந்த தடம் தெரியும்.

[காட்சி: மீண்டும் கறை.]

இப்போது அந்தக் கறை. எல்லாம் முடித்து ஆச்சியிடம் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்றார்கள். அப்புறம் கொஞ்சம் பார்த்துவிட்டு, "ஆனா யாருமே உக்காராத வீடு மாதிரி இருக்கு தம்பி" என்றார்கள்.

பொசுக்கென்று ஆனது. ஜீப்புக்குச் சேறு, துரு, எண்ணெய்க் கசிவு என்று பத்து விதமாக அழுக்கு போட்டிருந்தேன். வீட்டுக்கு மழைக்கறை மட்டும் ஓட்டியிருந்தேன், அதுவும் ஐரோப்பிய வீட்டுக்குப் போடுகிற மாதிரி. கீழே போய் ஆச்சி வீட்டுத் திண்ணையை மறுபடி பார்த்தேன். சுவரில் தலை சாய்க்கும் உயரத்தில் எண்ணெய்க் கறை! தலைமுறை தலைமுறையாகத் தேங்காய் எண்ணெய் தேய்த்த தலைகள். அது வரிசையாக இருக்கவில்லை. தூணுக்குப் பக்கத்தில், காற்று வரும் இடத்தில் ஒன்று கருகருவென்று. அது வீட்டுப் பெரியவரின் இடம். தள்ளித் தள்ளி இரண்டு மங்கல் கறைகள், வந்துபோகிறவர்களுடையது. சுவரைப் பார்த்தே யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று சொல்லிவிடலாம்.

தூணில் இன்னொன்று. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிவிட்டு, விரலில் மிஞ்சியதைத் தூணில் இழுப்பார்கள் அல்லவா? வெள்ளை வெள்ளையாகச் சின்னக் கோடுகள், உட்கார்ந்தபடி கை எட்டும் உயரத்தில் மட்டும்.

நிஜக் கறைக்கு நிஜ எண்ணெய் என்று முடிவெடுத்தேன். திண்ணைத் தளத்திலிருந்து 23 மில்லிமீட்டர் உயரத்தில், பல்குத்தும் குச்சியால் ஒரே ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் வைத்தேன். அழகாக ஊறியது. தூங்கப் போனேன். காலையில் சுவர் முழுக்க எண்ணெய்! புட்டி மொத்தத்தையும் குடித்துவிட்டது. அந்த அளவில் நிஜ மனிதன் சாய்ந்திருந்தால் எண்ணெய்ச் செக்கையே தலையில் கவிழ்த்திருக்க வேண்டும். எண்ணெய்க்கு 1/35 தெரியாது. சுவர் குப்பைக்கு.

புதுச் சுவரில் முதலில் மேட் வார்னிஷ் அடித்து அடைத்துவிட்டேன். பிறகு ஓவியர்கள் பயன்படுத்தும் ஆயில் பெயின்ட், பழுப்பில் துளி மஞ்சள் கலந்து, புள்ளியாக வைத்து, உலர்ந்த தூரிகையால் ஓரத்தைக் கரைத்தேன். அது காய ஒரு நாள். கறுப்பு பத்தவில்லை, மறுபடி ஒன்று. மூன்றாம் நாள் கறையின் மேல் மட்டும் லேசான மினுமினுப்பு வார்னிஷ், ஏனென்றால் எண்ணெய்க் கறை மங்கலாக இருக்காது. தூணில் சுண்ணாம்புக்கு ஊசி முனையில் வெள்ளைப் பெயின்ட், ஒவ்வொரு கோடும் இரண்டு மில்லிமீட்டருக்குள்.

உங்கள் வீட்டுத் திண்ணையில் இப்படிக் கறை இருந்தால், வெள்ளையடிப்பதற்கு முன்னால் ஒரு படம் எடுத்துக் கமெண்ட்டில் சொல்லுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

மண்ணுக்கு ஒரு வரி: ஊர்ச் செம்மண்ணைத் துப்பட்டாவில் சலியுங்கள், டீ வடிகட்டி போதாது, அரை மில்லிமீட்டர் மணல் 1/35இல் ஜல்லி.

ஜீப்பிலும் ஒரு சின்ன வேலை. முன்மூடியில் இருக்கும் அமெரிக்க நட்சத்திரத்தை முதலில் ஒட்டினேன், பிறகு அதன்மேல் கொஞ்சம் வேறு பச்சையைக் கையால் பூசினேன். ஏலத்தில் எடுத்தவர் அவசரமாக அடித்த பெயின்ட். வெயிலில் நட்சத்திரம் கீழேயிருந்து எட்டிப் பார்க்கிறது. ஸ்டீயரிங் இடப்பக்கம்தான், மாற்றவில்லை. வில்லிஸ் அப்படித்தான் வந்தது, "நம்மூரில் வலப்பக்கம் அல்லவா" என்று கமெண்ட் போடக் காத்திருப்பவர்களுக்கு முன்கூட்டியே பதில்.

திண்ணை மூன்றடி, ஜீப்பின் முன்மூடியும் ஏறக்குறைய மூன்றடி. திண்ணையை ஒட்டி நிறுத்தினால் இரண்டும் ஒரே மட்டம், உட்கார்ந்தபடியே காபி டம்ளரை ஜீப்மேல் வைக்கலாம். அப்படியே வைத்து, டம்ளரும் செய்து, ஒட்டப் போகும்போது ஆச்சி படியேறி வந்தார்கள்.

"வண்டியை இப்படி ஒட்டி விட்டா திண்ணையில ஏறுற ஆளு செருப்பை எங்கே விடும்?"

ஜீப்பை ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளினேன். டம்ளர் திண்ணைக்கு வந்தது. பழைய சைக்கிள் டியூபிலிருந்து 7 மில்லிமீட்டரில் இரண்டு ஜோடி செருப்பு வெட்டினேன். ஒரு ஜோடி ஒழுங்காக, இன்னொன்றில் ஒரு கால் கவிழ்ந்து கிடக்கிறது. ஃபெவிகால் இன்னும் காயவில்லை, அதனால் இன்று மேஜையைச் சுற்றிக் காட்ட மாட்டேன்.