டீசலா, பெட்ரோலா? ஒரு கோடி ரூபாய் எஸ்.யூ.வி. வாங்கும் முன்

[காட்சி: ஷோரூம் தரையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பி.எம்.டபிள்யூ. எக்ஸ்5. நிறம் ஒன்று, சக்கரம் ஒன்று. பின்கதவுப் பேட்ஜ் மட்டும் வேறு.]

வணக்கம். இந்த இரண்டு வண்டிகளில் ஒன்று பெட்ரோல், ஒன்று டீசல். தள்ளி நின்று பார்த்தால் எது எதென்று சொல்ல முடியாது. விற்பனையாளர் வந்ததும் முதலில் கேட்பது இதுதான்: "சார், மாசம் எவ்வளவு கிலோமீட்டர் ஓட்டுவீங்க?" ஆயிரத்துக்கு மேல் என்றால் டீசல் பக்கம் நடத்திக்கொண்டு போவார், குறைவு என்றால் பெட்ரோல் பக்கம்.

மாருதி வாங்கும் காலத்தில் பழகிய கணக்கு அது. ஒரு கோடி ரூபாய் வண்டிக்கு அதே கணக்கைப் போட்டால் என்ன வருகிறது, பார்த்துவிடுவோம்.

[காட்சி: வெள்ளைப் பலகையில் கையால் எழுதும் கணக்கு.]

உதாரணத்துக்கு பி.எம்.டபிள்யூ. எக்ஸ்5-ஐ எடுத்துக்கொள்கிறேன். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம், மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007-இலிருந்து இயங்கும் ஆலையில் பூட்டப்படுகிற வண்டி. அதைவிட முக்கியமான காரணம், ஒரே உடம்பில் இரண்டு எஞ்சினும் கிடைக்கிறது. 2023-இல் புதுப்பித்து வந்தபோது பெட்ரோலுக்கும் டீசலுக்கும் விலை வித்தியாசம் இரண்டு லட்சம்தான்.

வருடத்துக்கு 12,000 கிலோமீட்டர் என்று வையுங்கள். பெட்ரோல் லிட்டருக்கு 8 கிலோமீட்டர், டீசல் 12 கிலோமீட்டர். இது கணக்குக்கு நான் வைத்த எண். உங்கள் கால் அழுத்தத்தைப் பொறுத்து மேலேயும் கீழேயும் போகும். பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 93 ரூபாய் என்று போட்டால், பெட்ரோல் வண்டிக்கு 1,500 லிட்டர், 1,51,500 ரூபாய். டீசலுக்கு 1,000 லிட்டர், 93,000 ரூபாய். மிச்சம் 58,500. மாதத்துக்கு ஐயாயிரம்கூட முழுசாக வரவில்லை. இந்த வண்டிக்கு நான்கு டயர் மாற்றினாலே அதைவிடக் கூடுதலாகிவிடும்.

ஒரு காலத்தில் இது வேறு கதை. 2012-இல் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு முப்பது ரூபாய் அளவுக்கு இடைவெளி இருந்தது, டீசல் விலையை அரசு பிடித்து வைத்திருந்ததால். 2014 அக்டோபரில் அந்தக் கட்டுப்பாடு போனது. அப்புறம் தமிழ்நாட்டில் இன்னொன்றும் நடந்தது. 2021 ஆகஸ்ட் பட்ஜெட்டில் பெட்ரோல் வரியில் மட்டும் 3 ரூபாய் குறைத்தார்கள், டீசலைத் தொடவில்லை. இடைவெளி இன்னும் சுருங்கியது.

அப்படியானால் பணக் கணக்கை ஓரமாக வைத்துவிடலாம். நீங்கள் உங்களையே கேட்க வேண்டியது இது: ஒருமுறை ஸ்டார்ட் செய்தால், அணைப்பதற்குள் வண்டி எத்தனை நிமிடம் நிற்காமல் ஓடுகிறது?

[காட்சி: எஞ்சினின் குறுக்குவெட்டு அனிமேஷன்.]

ஏன் அந்தக் கேள்வி என்று புரிய, பானெட்டைத் திறக்க வேண்டும்.

பெட்ரோல் எஞ்சின் காற்றையும் எரிபொருளையும் கலந்து தீப்பொறியால் பற்ற வைக்கிறது. டீசலில் தீப்பொறியே கிடையாது. வெறும் காற்றைப் பதினாறு மடங்கு போல நசுக்குகிறது, அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் ஓட்டிக் காட்டியது இதைத்தான்.

மைலேஜ் எங்கிருந்து வருகிறது? ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிடப் பத்துப் பன்னிரண்டு சதவீதம் கூடுதல் சக்தி இருக்கிறது, அது ஒரு பங்கு. அதிகம் நசுக்குவதால் அந்தச் சூட்டிலிருந்து அதிக வேலை வாங்க முடிகிறது, அது இன்னொரு பங்கு. மூன்றாவதை யாரும் சொல்வதில்லை. இளநீர் குடிக்கும்போது ஸ்ட்ராவை விரலால் நசுக்கிப் பிடித்துக்கொண்டு உறிஞ்சிப் பாருங்கள், கன்னம் வலிக்கும். மெதுவாகப் போகும்போது பெட்ரோல் எஞ்சின் அப்படித்தான் மூச்சு விடுகிறது. காற்று வரும் வழியை த்ராட்டில் பாதி மூடி வைத்திருக்கும், அதை மீறி இழுக்கவே கொஞ்சம் எரிபொருள் செலவாகிவிடும். டீசலுக்கு அந்தத் தொல்லை இல்லை. காற்று தாராளமாக வரும், டீசலின் அளவு மட்டும் கூடும், குறையும். இத்துடன் நம் ஊர் பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். எத்தனாலில் லிட்டருக்குச் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு.

[காட்சி: கொல்லிமலைப் பாதை, கொண்டை ஊசி வளைவு.]

சரி, ஓட்டுவதில் என்ன வித்தியாசம்? எண்களைப் பாருங்கள். பெட்ரோல் மாடலான 40ஐ: 381 குதிரைத்திறன், 520 நியூட்டன் மீட்டர் இழுவை. டீசல் மாடலான 30டி: 286 குதிரைத்திறன், 650 நியூட்டன் மீட்டர். இரண்டும் மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர்.

கொல்லிமலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஐந்து பேர், டிக்கி நிறையப் பெட்டிகள். வளைவில் வேகம் இருபதுக்கு இறங்குகிறது, திரும்பியதும் ஏற்றம். டீசலில் ஆக்சிலரேட்டரைச் சும்மா தொட்டால் போதும். எஞ்சின் நிமிடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு சுற்று சுற்றும்போதே முழு இழுவை வந்துவிடுவதால், கியரைக்கூட இறக்காமல் யாரோ பின்னாலிருந்து தள்ளுவதுபோல மேலே போகும். பெட்ரோல் ஒரு கணம் யோசித்து, கியர் இறங்கி, குரல் உயர்த்திப் போகும். போகாமல் இல்லை, நன்றாகவே போகும். ஆனால் பின்சீட்டில் தூங்கும் பாட்டிக்கு வித்தியாசம் தெரியும்.

அதே பெட்ரோல் நான்குவழிச் சாலையில் லாரியைத் தாண்டும்போது வேறு பிறவி. டீசல் ஐயாயிரம் சுற்றை நெருங்குவதற்குள் மூச்சு வாங்கும், பெட்ரோல் அதற்கு மேலும் பாடிக்கொண்டே ஏறும். ஓட்டுவதில் ஆசை உள்ளவர், தானே ஸ்டியரிங் பிடிப்பவர், இந்த ஆறு சிலிண்டர் பெட்ரோலை ஒருமுறை ஓட்டினால் டீசலைத் திரும்பிப் பார்க்க மாட்டார். என் ஓட்டும் அதற்குத்தான், ஒளிக்கவில்லை.

[காட்சி: மீட்டரில் மஞ்சள் விளக்கு, நெருக்கத்தில்.]

இப்போது அந்த நிமிடக் கேள்விக்கு வருவோம்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததிலிருந்து டீசல் வண்டியின் புகைக்குழாயில் ஒரு வடிகட்டி இருக்கிறது. டி.பி.எஃப். என்பார்கள். கரித்தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்ததை எரித்துத் தீர்க்க ஏறத்தாழ 600 டிகிரி சூடு வேண்டும். நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் போனால் அந்த வேலை தானாக நடந்துவிடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. நகரத்துக்குள் நாலு கிலோமீட்டர் ஓட்டி அணைத்தால் நடக்காது.

எனக்கு அண்ணன் முறையாகும் ஒருவர். வீடு நுங்கம்பாக்கம், அலுவலகம் நாலு கிலோமீட்டரில். டீசல் எஸ்.யூ.வி. எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், எல்லா டீசலுக்கும் இது பொருந்தும். டிரைவர் நல்ல மனிதர், ஆனால் வெயிலில் உட்கார முடியாமல் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு மரத்தடியில் இரண்டு மணி நேரம் எஞ்சினை ஓட விடுவார். வடிகட்டிக்கு இதைவிடக் கெடுதல் கிடையாது. புகை வந்துகொண்டே இருக்கும், சூடு ஏறவே ஏறாது. எட்டாவது மாதம் மஞ்சள் விளக்கு எரிந்தது. சில நாள், வண்டியை அணைத்த பிறகும் முன்னால் ஃபேன் ஊளையிட்டுக்கொண்டிருக்கும், கருகல் வாசனை வரும். எரிக்கும் வேலை நடுவில் இவர்கள் சாவியை அணைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். இது அடிக்கடி நடந்தால் கரித்தூளை எரிக்கவென்று கூடுதலாகப் பீய்ச்சிய டீசலில் கொஞ்சம் எஞ்சின் ஆயிலோடு கலக்கும். ஆயில் அளவு குறைவதற்குப் பதிலாக ஏறும்!

சர்வீஸ் அட்வைசர் சொன்ன மருந்து, ஒரு நீண்ட ஓட்டம். ஈ.சி.ஆரில் மகாபலிபுரம் வரை எண்பதில் போனார்கள், விளக்கு அணைந்தது. இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, வண்டிக்காகவே மகாபலிபுரம் போய் காபி குடித்துவிட்டு வருகிறார்கள். அண்ணிக்கு இதில் மகிழ்ச்சிதான்.

மாதம் இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடினாலும் அது நாலு நாலு கிலோமீட்டராக இருந்தால் டீசல் உங்களுக்கு இல்லை. மாதம் தொள்ளாயிரத்துச் சொச்சம்தான், ஆனால் அது ஒரே மூச்சில் மதுரைக்குப் போய் வருகிற ஓட்டம் என்றால், தாராளமாக டீசல். டேங்க் ஏறத்தாழ எண்பது லிட்டர். சென்னையில் நிரப்பினால் மதுரை போய்ச் சேர்ந்து, திரும்பி வரும் வழியிலும் பெரும்பகுதி பங்க் பக்கம் போக வேண்டாம். பணத்தைவிட அதுதான் டீசல் தரும் சொகுசு.

புகையைச் சுத்தம் செய்ய ஆட்புளூ என்றொரு திரவமும் டீசல் வண்டியில் தனி டேங்கில் ஊற்ற வேண்டும். 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்திகரித்த நீர். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒன்றிரண்டு லிட்டர், செலவு பெரிதில்லை. தீர்ந்துபோக விட்டால் அடுத்த முறை ஸ்டார்ட் ஆகாது. வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்து ஊற்றலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. வேண்டாம் ஐயா.

[காட்சி: பழைய கார் விற்பனை முற்றம்.]

விற்கும்போது? டெல்லியில் பத்து வயதான டீசலும் பதினைந்து வயதான பெட்ரோலும் ஓடக் கூடாது என்பதை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025-இல் நீதிமன்றமே அதைத் தளர்த்தியது, இழுபறி ஓயவில்லை. தமிழ்நாட்டில் அந்த விதி கிடையாது. இங்கே இரண்டுக்கும் பதினைந்து வருட ஆர்.சி., பிறகு புதுப்பிக்கலாம். ஆனால் செகண்ட்ஹேண்டில் மலிவாக டி.எல். என்று தொடங்கும் டெல்லி நம்பர் டீசல் கண்ணில் பட்டால், ஏன் மலிவு என்பதற்கு இது ஒரு காரணம்.

தேர்வே இல்லாத இடங்களும் இருக்கின்றன. ஆடி இந்தியாவில் 2020-இலிருந்து பெட்ரோல்தான். வோல்வோ தன் கடைசி டீசல் காரான ஒரு எக்ஸ்சி90-ஐ 2024 மார்ச்சில் ஸ்வீடனில் செய்து முடித்து, நேராகக் காட்சிக்கு வைக்க அனுப்பிவிட்டது. 2015-இல் ஃபோக்ஸ்வேகனின் புகைச் சோதனை மோசடி வெளியானதிலிருந்தே ஐரோப்பாவில் டீசலுக்கு இறங்குமுகம்.

[காட்சி: பெட்ரோல் பங்க், இரவு.]

டெஸ்ட் டிரைவுக்குப் போகிறவர்கள், காலையில் முதல் ஆளாகப் போங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வெளியே நின்று ஸ்டார்ட் செய்யச் சொல்லிக் கேளுங்கள். டீசலின் கடகடப்பு அப்போதுதான் வெளிப்படும். கதவைச் சாத்தினால் உள்ளே கேட்காது, ஆனால் உங்கள் வீட்டு போர்டிகோவில் விடியற்காலை ஐந்து மணிக்குக் கேட்கும்.

டீசல் வாங்கினால் பங்கில் மூடியைத் திறக்கும் முன்பே 'டீசல்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இவ்வளவு பளபளப்பான வண்டியைப் பார்த்ததும் பெட்ரோல் குழாயை எடுக்கிற பையன்கள் இருக்கிறார்கள். தவறிப்போய் ஊற்றிவிட்டால் ஸ்டார்ட் பட்டனைத் தொடாதீர்கள். நின்ற இடத்திலேயே விட்டுவிட்டு, டோ வண்டியைக் கூப்பிடுங்கள். டேங்கைக் காலி செய்யும் செலவோடு போகும். ஸ்டார்ட் செய்துவிட்டால் பம்ப், இன்ஜெக்டர் எல்லாவற்றுக்கும் எஸ்டிமேட் போட வேண்டி வரும்.