கடந்து போகிற கப்பலுக்கும் பங்கு உண்டு

(முட்டத்தில் கடலோர மக்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, மக்களே, வணக்கம்.

பகலில் மலையையும் கோயில் கோபுரத்தையும் வைத்துக் கணியம் பார்த்து, மீன் கூடுகிற கடலடிப் பாறைத் திட்டான பாரைக் கண்டுபிடிக்கிறவர்கள் நாம். இருட்டிவிட்டால் நமக்கு இந்த முட்டம் லைட்ஹவுஸ்தான். சூயஸிலிருந்து மலாக்கா நீரிணைக்குப் போகிற பெருங்கப்பலுக்கு நம் லட்சத்தீவின் மினிக்காய் விளக்கு, அதைத் தாண்டினால் இலங்கையின் தேவேந்திரமுனை விளக்கு. இரண்டையும் பார்த்துக்கொண்டே போகும், எந்தக் கரையிலும் ஒதுங்காது.

விளக்குக்கான பணம் எங்கிருந்து வருகிறது? நம் துறைமுகத்துக்கு வருகிற கப்பலிடம் வாங்குகிறோம். 1927இன் கலங்கரை விளக்கச் சட்டத்திலும் அதுதான், அதற்குப் பதிலாக வந்த 2021 சட்டத்திலும் அதுதான். சும்மா கடந்து போகிற கப்பலிடம் வாங்க வழியில்லை. ஒரு நாட்டின் கரையோரக் கடலைக் கடப்பதற்காக மட்டும் கட்டணம் கேட்கக் கூடாது என்கிறது ஐ.நா. கடல் சட்டத்தின் 26ஆம் பிரிவு.

இதற்குத் தீர்வு புதிதல்ல. மொராக்கோவின் ஸ்பார்டெல் முனையில் சுல்தான் ஒரு விளக்கைக் கட்டினார். ஜிப்ரால்டர் நீரிணைக்குள் நுழைகிற கப்பலுக்கெல்லாம் அது வேண்டும். சுல்தானுக்கோ அன்று சொந்தமாக ஒரு போர்க்கப்பல்கூட இல்லை, வணிகக் கப்பலும் இல்லை. 1865இல் பிரிட்டன், பிரான்ஸ், ஸ்பெயின், அமெரிக்கா உட்படப் பத்து நாடுகள் கையெழுத்திட்டு, பராமரிப்புச் செலவைச் சமமாகப் பிரித்துக்கொண்டன. மண் சுல்தானுடையதுதான். பின்னால் அவருக்குக் கப்பல் வந்தால் அவரும் பங்கு கட்ட வேண்டும் என்று எழுதிக்கொண்டார்கள். தங்களுக்குள் போர் மூண்டாலும் விளக்குக்குக் கேடு வரக் கூடாது என்றும் எழுதினார்கள். எனக்கு மிகப் பிடித்த வரி அது. 1958 வரை அந்த ஏற்பாடு ஓடியது.

நம் காலத்தில் மலாக்கா நீரிணை இருக்கிறது. இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் மூன்றும் 2007இல் ஒரு கூட்டு ஏற்பாடு செய்தன. விளக்குகளுக்கும் மிதவைகளுக்கும் தனி நிதி. அந்த வழியைப் பயன்படுத்தும் நாடுகளும் அமைப்புகளும் விரும்பிக் கொடுப்பது. கட்டாயம் இல்லை. சட்டத்துக்கும் முரண் இல்லை.

மீன் விஷயத்தில் இலங்கையோடு நமக்கு மனத்தாங்கல் உண்டு, மறைக்க வேண்டாம். ஆனால் விளக்கு விஷயத்தில் இரண்டு கரையும் ஒரே தரப்பு. மாலத்தீவையும் சேர்த்து மூன்று அரசும் இப்படி ஒரு நிதிக்காக உட்கார்ந்து பேச வேண்டும். அப்படி வரும் நிதியில் ஒரு பகுதி, கப்பல் வழியைக் குறுக்கே கடந்து ஆழ்கடலுக்குப் போகிற தூத்தூர்ப் படகுகளைக் கப்பல்காரன் திரையில் காட்டும் கருவிக்கு வர வேண்டும். கப்பல் மோதி நாம் இழந்த பிள்ளைகளின் வீடுகள் இந்தக் கரையில் இருக்கின்றன.

இதைக் கேட்டு மத்திய அரசுக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். வாசலருகே மேசையில் இருக்கிறது. படித்துப் பாருங்கள், விட்டுப்போனதைச் சொல்லுங்கள், சரியென்று பட்டால் கையெழுத்துப் போடுங்கள்.