சேர்ந்து செய்தால் காப்பி அடிக்க மாட்டார்களா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். பெங்களூரு லிங்கராஜபுரத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஐடிஐயில் டர்னர் டிரேடுக்கு, அதாவது லேத் என்ற கடைசல் இயந்திர வேலைக்கு, புதிதாக இன்ஸ்ட்ரக்டராகச் சேர்ந்திருக்கிறாராம். "ஐயா, பசங்களை வாட்ஸ்அப் குரூப், கூகுள் டாக்ஸ் என்று சேர்ந்து படிக்க வைக்கச் சொல்கிறார்கள். ஒருவன் செய்வான், மீதி நாலு பேர் பெயர் மட்டும் போட்டுக்கொள்வார்கள். லேத் வேலைக்கு இது சரிப்படுமா?" இரண்டு நாளாக இந்தக் கேள்வி மண்டையைக் குடைகிறது.

காப்பி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கூகுள் டாக்ஸில் வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்தால், யார் எந்த வரியை எப்போது எழுதினார் என்று தெரிந்துவிடும். அதைவிட, நான் எப்போதும் சொல்வதுதான்: ஜாப்பை, அதாவது லேத்தில் கடைந்தெடுக்கும் துண்டை, காப்பி அடிக்க முடியாது. அளந்து பார்க்கும் மைக்ரோமீட்டர் 0.01 மி.மீ. வரை காட்டிக்கொடுத்துவிடும்.

பீன்யாவில் நான் சொல்லிக்கொடுத்த ஒரு பேட்ச். பார்ட்டிங் செய்யும்போது, அதாவது ஜாப்பைத் துண்டித்து எடுக்கும்போது, ஒரு பையனின் லேத் அலறுகிறது. தள்ளி நின்ற நண்பன் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து குரூப்பில் போட்டான். (மெஷின் ஓட்டுகிறவன் கையில் போன் கூடவே கூடாது, இதை எத்தனை வீடியோவில் சொன்னாலும் போதாது.) கம்பெனியில் அப்ரண்டிஸாக இருந்த சீனியர் ஒருவன், இரவு ஷிப்ட் இடைவேளையில் அதைக் கேட்டுவிட்டு பாதி கன்னடம், பாதி தமிழில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான்: டூல் ரொம்ப வெளியே நீட்டியிருக்கும், உள்ளே தள்ளு, சென்டர் ஹைட்டும் (டூல் முனை ஜாப்பின் மையத்துக்கு நேராக நிற்கும் உயரம்) பார். மறுநாள் அந்தப் பையன் டூலை உள்ளே தள்ளினான், சத்தம் குறைந்தது. டூலுக்கு அடியில் மெல்லிய தகடு ஒன்று வைத்து உயரத்தைச் சரி செய்தான், நின்றேவிட்டது. சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்வதை எந்தப் புத்தகத்தில் படிப்பது? எழுதச் சொன்னால் பேனாவைக் கடிக்கும் பசங்க, வாய்ஸ் மெசேஜில் பிய்த்து உதறுகிறார்கள்.

இது புதிதும் இல்லை. ஜீன் லேவ் என்ற மானிடவியலாளர் 1970களில் லைபீரியாவில் தையல் அப்ரண்டிஸ்களைக் கவனித்தார். அங்கே பட்டன் தைப்பதும் ஓரம் மடிப்பதும் முதலில். துணி வெட்டுவது கடைசியில்தான். வெட்டில் தப்பினால் துணியே போச்சு இல்லையா? மாஸ்டர் உட்கார்ந்து பாடம் நடத்துவதில்லை, கூட இருப்பவர்களைப் பார்த்துத்தான் நிறையப் பழகினார்கள். நம் பட்டறையிலும் அதுதான் வழக்கம். வேறு ஷிப்டில் இருப்பவனையும் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தது மட்டும்தான் போன் செய்த வேலை.

அப்புறம் தம்பி, நீங்கள் கேட்டிருந்தால் நான் இன்னும் சந்தோஷப்பட்டிருக்கும் கேள்வி ஒன்று உண்டு: அந்தக் குரூப்பில் இன்ஸ்ட்ரக்டர் தன் தப்பைப் போடலாமா?

போட வேண்டும். ஒருமுறை 25.4 மி.மீ. ஷாஃப்ட்டை 25க்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. புதிய லேத். டூலை ஜாப்புக்குள் நகர்த்தும் கிராஸ் ஸ்லைடு டயலில் 0.4 திருப்பிவிட்டேன். அந்த டயல் ஆரத்தைக் காட்டுவது, விட்டத்தில் 0.8 போய்விட்டது. கையில் 24.6. படம் எடுத்து, கணக்கையும் எழுதி குரூப்பில் போட்டேன். அதுவரை கெட்டுப்போன ஜாப்பை ஸ்கிராப் பெட்டியில் ஒளித்துவந்த பசங்க, அன்று சாயங்காலமே ஒவ்வொருவராகத் தங்கள் படத்தைப் போட ஆரம்பித்தார்கள். "சார், எனக்கும் இதே டயல்தான்" என்று மூன்று பேர்.

அந்தப் படங்கள் இன்னும் என் போனில் இருக்கின்றன. அவர்களிடம் கேட்டுக்கொண்டு அடுத்த வீடியோவில் ஒவ்வொன்றாகக் காட்டுகிறேன்.