சுகுக்கும் பாண்டும் ஒன்றா? 112ஆம் பக்கத்தில் கிடைத்த பதில்

வணக்கம் நண்பர்களே. இன்று பேலன்ஸ் ஷீட்டைத் திறக்கவில்லை. நேற்று சுகுக் பற்றி, அதாவது இஸ்லாமிய முறையில் வட்டியில்லாமல் பணம் திரட்ட வெளியிடும் பத்திரம் பற்றி, ஒரு காணொளி பார்த்தேன். "சுகுக் என்றால் பாண்டுதான், வட்டியை லாபம் என்று சொல்வார்கள்" என்று அரை நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். எனக்கு மனசே ஆறவில்லை.

எதைப் பற்றிப் பேசினாலும் நான் கேட்கும் கேள்வி உங்களுக்கே தெரியும்: இதை வாங்கினால் நான் யார்? ஷேர் வாங்கினால் கம்பெனியில் பங்காளி. டிவிடெண்ட் வரலாம், வராமலும் போகலாம். கம்பெனி திவாலானால், கடன் கொடுத்தவர்கள் எல்லாரும் எடுத்தது போக மிச்சம் இருந்தால்தான் நமக்கு. பாண்டு, அதாவது கடன் பத்திரம், வாங்கினால் கடன் கொடுத்தவர். வட்டியும் அசலும் வரவேண்டும், அத்தோடு சரி.

சுகுக்கில் கதை வேறு. இஸ்லாத்தில் வட்டி கூடாது என்பதால் அங்கே ஒரு சொத்து வேண்டும். அதிகம் காணப்படும் 'இஜாரா' வகையையே எடுத்துக்கொள்வோம். பணம் தேவைப்படும் கம்பெனி தன் கட்டடத்தை இதற்காகவே தொடங்கிய தனி நிறுவனத்துக்கு விற்கும். அந்த நிறுவனம் நமக்குச் சுகுக் கொடுத்துப் பணம் திரட்டும். கம்பெனி அதே கட்டடத்தை வாடகைக்கு எடுத்துக்கொள்ளும். அந்த வாடகைதான் நமக்கு வரும் வருமானம். தவணை முடிந்ததும் கம்பெனி கட்டடத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். 2014இல் பிரிட்டன் அரசு 20 கோடி பவுண்டுக்கு 5 ஆண்டு சுகுக் வெளியிட்டதும் இப்படித்தான், அரசுக் கட்டடங்களின் வாடகையை வைத்து.

இப்போது என் இரண்டு இரவுக் கதை. ஒரு கம்பெனியின் சுகுக் வெளியீட்டு ஆவணத்தை முழுசாகப் படித்தேன். சுருக்கத்தை நம்பமாட்டேன் என்று போன வீடியோவிலேயே சொன்னேன் அல்லவா? தேடியது ஒரே விஷயம்: கம்பெனி பணம் தராவிட்டால் கட்டடத்தை வெளியாருக்கு விற்று எடுத்துக்கொள்ளலாமா? முதல் இரவு முழுக்க வரையறைகள். ஒரு சொல்லுக்கு அர்த்தம் பார்த்தால் அது இன்னொரு சொல்லுக்கு அனுப்புகிறது! இரண்டாம் இரவு, மஞ்சள் மார்க்கர் காயப்போகும் நேரத்தில், 112ஆம் பக்கத்தில், ஒரு அடைப்புக்குறிக்குள் கிடைத்தது. விற்க முடியாது. பேசிய விலைக்குத் திரும்ப வாங்கச் சொல்லி அந்தக் கம்பெனியிடம் கேட்கலாம், அவ்வளவே. எழுந்து நின்று கை தட்டினேன்!

அதாவது இந்த வகையில், கம்பெனி விழுந்தால் நாமும் ஈடில்லாமல் கடன் கொடுத்தவர்களோடு வரிசையில்தான் நிற்போம். இதைச் 'சொத்து சார்ந்தது' என்பார்கள். சொத்தே நம் கைக்கு வரும் வகையும் உண்டு, ஆனால் குறைவு. எனவே அந்தக் காணொளி சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. பாதி உண்மையை முழு உண்மையாக விற்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அட, முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். இந்தச் சண்டை புதிதல்ல. 2007இலேயே பாகிஸ்தானைச் சேர்ந்த இஸ்லாமியச் சட்ட அறிஞர் முஃப்தி தகி உஸ்மானி, சந்தையில் இருந்த பல சுகுக்குகள் பாண்டு போலவே அமைந்திருக்கின்றன என்று விமர்சித்தார். அடுத்த ஆண்டு, பஹ்ரைனில் உள்ள ஆயோஃபி என்ற தர நிர்ணய அமைப்பு, கூட்டு முதலீட்டு வகைகளில் 'போட்ட தொகைக்கே திரும்ப வாங்குகிறேன்' என்று நிர்வாகி முன்கூட்டியே வாக்குக் கொடுக்கக் கூடாது என்றது. முதலீடு என்றால் நஷ்டத்திலும் பங்கு வேண்டுமே! இஜாராவில் வாடகைக்கு எடுத்தவர் அப்படி வாக்குக் கொடுக்கலாம் என்று விட்டது.

இன்னொன்றும். ஷேர் என்றாலே இஸ்லாமிய முறைக்கு ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள். கம்பெனி செய்யும் தொழிலையும் அதன் வட்டிக் கடன் அளவையும் வடிகட்டிப் பார்ப்பார்கள். ஆயோஃபி கணக்கில் அந்தக் கடன் சந்தை மதிப்பில் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

சரி, அடுத்த ஆவணத்தையும் இறக்கி வைத்துவிட்டேன். இந்த முறை வரையறைகளில் ஆரம்பிக்கப் போவதில்லை. பணம் தராவிட்டால் என்ன நடக்கும் என்ற பகுதிக்கு நேராகப் போகிறேன். புது மார்க்கரும் வாங்கியாயிற்று.