கேமரன் ஏத்தத்துக்கு 250 வாட் போதுமா? கிராங்க் மோட்டார் சைக்கிள்: முதல் ஓட்டத்துல என்ன பார்க்கணும்

[காட்சி: செம்பனைத் தோட்டத்துச் செம்மண் ரோடு. ஒரு சைக்கிள் மேட்டுல ஏறுது. லேசான ரீங்காரம் மட்டும் கேட்குது.]

142 கிலோ. ஒரு சைக்கிள் செயினை இவ்வளவு பாரம் இழுக்கும்னா நம்புவீங்களா? அதே மேடு, அதே வேகம், அதே ஆள். கியரை மட்டும் மாத்தினா அந்த 142 கிலோ 49 கிலோவா இறங்கிடுது. கிராங்க் மோட்டார் சைக்கிள் வாங்கப் போறவங்க இந்த ஒரு கணக்கைத் தெரிஞ்சுக்கிட்டா போதும், பாதி தொல்லை வராது. தெரியாம ஓட்டினா செயினும் பல்லும் வேகமா தேயும். பழி மட்டும் மோட்டார் மேல விழும்.

வணக்கம். இன்னைக்கு பேராக் மாநிலத்துத் தாப்பாவுல இருக்கோம். ஒரு பக்கம் சமதரையான தோட்டத்து ரோடு, இன்னொரு பக்கம் கேமரன் மலைக்கு ஏறுற 59-ஆம் எண் சாலை. மின்சார சைக்கிளைப் பரிசோதிக்க இதைவிட நல்ல ஊர் கிடைக்காது.

ஆரம்பிக்கும் முன்ன ஒரு வார்த்தை. நம்ம ஊர்ல மோட்டார்னா கப்சாய்னுதான் அர்த்தம். இந்த வீடியோவுல மோட்டார்னு சொன்னா, பெடல் பக்கத்துல, பெடல் கைகளை மாட்டுற கிராங்க் அச்சைச் சுத்தி உட்கார்ந்திருக்கிற மின் மோட்டார். குழப்பிக்காதீங்க.

வரலாறு சுருக்கமா: கிராங்க்ல மோட்டாரை வைக்கலாம்னு 1897-லேயே அமெரிக்காவுல ஹோசியா லிபி காப்புரிமை வாங்கிட்டார். நாம மிதிக்கிற அழுத்தத்தைப் பார்த்து உதவி பண்ற சைக்கிளை 1993-ல யமாஹா ஜப்பான்ல விற்பனைக்குக் கொண்டு வந்தது. அப்புறம் பாஷ், ஷிமானோ, பஃபாங் கம்பெனிகள் எல்லாம் வந்தாச்சு. அவ்வளவுதான், வாங்க வண்டிக்குப் போவோம்.

[காட்சி: தோட்டத்துப் பெரட்டுத் திடல். சைக்கிள் ஸ்டாண்டுல நிக்குது.]

முதல் வேலை, சுவிட்ச் போடுறது. அப்போ கால் பெடல் மேல இருக்கவே கூடாது. நல்ல கிராங்க் மோட்டார்ல டார்க் சென்சார், அதாவது நாம மிதிக்கிற அழுத்தத்தை அளக்கிற கருவி, இருக்கும். பல மாடல்கள்ல, சுவிட்ச் போடுற அந்த ரெண்டு விநாடியிலதான் 'மிதி இல்லாத நிலை எது'ன்னு அது அளந்து வச்சுக்கும். அப்ப காலை ஊன்றியிருந்தா, அந்த ஊன்றின எடையையே பூஜ்யம்னு எடுத்துக்கும். அப்புறம் வண்டி மந்தமா போகும், இல்லன்னா திரையில எச்சரிக்கை வரும். கடையில ஓட்டிப் பார்த்துட்டு "இதுல இழுவையே இல்லையே"ன்னு திருப்பிக் கொடுக்கிறவங்கள்ல சிலர் செய்ற தப்பு இதுதான். இறங்கி, அணைச்சு, காலை எடுத்துட்டுத் திரும்பப் போடுங்க.

அடுத்து, திடல்லயே எட்டு போடுங்க. வேகமா வேணாம், நடக்கிற வேகம். இதுல சென்சாரோட ரகம் தெரிஞ்சிடும். டார்க் சென்சார் இருந்தா, மெல்ல மிதிச்சா மெல்ல தள்ளும், அழுத்தினா அழுத்தித் தள்ளும். உங்க கால் திடீர்னு பலமான மாதிரி இருக்கும். வெறும் கேடன்ஸ் சென்சார் மட்டும் இருந்தா, பெடல் சுத்துதா இல்லையான்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும். கொஞ்சம் சுத்தின பிறகு திடுக்குனு தள்ளும், நிறுத்தின பிறகும் ஒரு கணம் தள்ளிட்டே இருக்கும். எட்டோட வளைவுல அந்தத் தள்ளு வந்தா ஹேண்டில் ஆடும். கிராங்க் மோட்டார்னு எழுதியிருந்தா டார்க் சென்சார் இருக்கும்னு நினைக்காதீங்க. கேடன்ஸ் சென்சாரோட வர்ற கிராங்க் மோட்டாரும் நிறைய இருக்கு. இந்த எட்டுதான் கண்டுபிடிக்கிற வழி.

[காட்சி: மேடு. கீழேயிருந்து கேமரா மேல பார்க்குது.]

சரி, இப்போ மேடு. இந்த வீடியோவோட உயிரே இங்கதான், அதனால கொஞ்ச நேரம் இங்கேயே நிப்போம்.

கணக்குக்கு ஒரு சைக்கிளை எடுத்துக்குவோம். ஆளும் வண்டியும் சேர்த்து 100 கிலோ. முன்னால 38 பல்லு, பின்னால 11-லேர்ந்து 32 வரைக்கும் ஒன்பது கியர். சக்கரம் ஒரு சுத்துக்கு 2.2 மீட்டர் போகும். மேடு 8 சதவீதம், அதாவது 100 மீட்டர் போனா 8 மீட்டர் உயரும். டயர் உராய்வுக்கு இன்னொரு ஒரு சதவீதம் சேர்த்துக்கலாம். மணிக்கு 12 கிலோமீட்டர்ல ஏற எவ்வளவு சக்தி வேணும்? சுமார் 295 வாட். நீங்க 75 வாட் மிதிச்சா மிச்சம் 220-ஐ மோட்டார் கொடுக்கணும். ஆக, 250 வாட் போதும்.

ஆனா போதும்னு சொல்றது சரியான கியர்ல போனாத்தான். பின் சக்கரத்து ஹப்புல, அதாவது சக்கரத்தோட நடுவுல, மோட்டார் இருந்தா என்ன ஆகும்னு முதல்ல பாருங்க. 25 கிலோமீட்டர் வேகத்துக்கு அமைச்ச ஹப் மோட்டார்னா, அந்த வேகத்துல சக்கரம் நிமிஷத்துக்கு 189 சுத்து சுத்தும். மேட்டுல 12-க்கு இறங்கினா 91 சுத்து. ஹப் மோட்டாருக்குள்ள பல்சக்கரம் இருந்தாலும் விகிதம் ஒன்னே ஒன்னுதான், மாத்த முடியாது. பாதி வேகத்துல அதே சக்தியைக் கொடுக்கணும்னா முறுக்குவிசை ரெண்டு மடங்கு வேணும். ரெண்டு மடங்கு முறுக்குக்கு ரெண்டு மடங்கு கரண்டு. கரண்டு ரெண்டு மடங்கானா சுருள்ல வர்ற சூடு நாலு மடங்கு! நீண்ட மேட்டுல ஹப் மோட்டார் சூடேறி, பாதியில சக்தியைக் குறைச்சுக்கிறதுக்குக் காரணம் இதுதான்.

கிராங்க் மோட்டார் உங்க கால் மாதிரியே செயின் வழியா வேலை செய்யுது. அதனால உங்க கியர் எல்லாம் அதுக்கும் கியர். சமதரையில 25-ல போறப்ப பின்னால 16 பல்லு, கிராங்க் நிமிஷத்துக்கு 80 சுத்து. மேட்டுல 12-ல போறப்ப 32 பல்லுக்கு மாத்துங்க, கிராங்க் 77 சுத்து. மோட்டாரைப் பொறுத்தவரை மேடும் சமதரையும் கிட்டத்தட்ட ஒன்னுதான். எத்தனை தடவை இந்த எண்களைப் போட்டுப் பார்த்தாலும் சலிக்கிறதே இல்லை, அவ்வளவு அழகான ஏற்பாடு.

இப்போ அதே மேட்டுல கியரை மாத்தாம, கடைசிப் பல்லான 11-லயே விட்டுட்டு 12 கிலோமீட்டர்ல போனா? கிராங்க் வெறும் 26 சுத்து. கிராங்க்ல 107 நியூட்டன் மீட்டர் முறுக்கு வேணும். மலைக்குன்னே செய்ற நல்ல மோட்டார்கள்லயே பலதோட உச்சம் 85 பக்கம்தான். அப்படி ஒரு மோட்டார்னா மிச்சம் 22-ஐ உங்க முட்டி கொடுக்கணும். செயின்ல விழற இழுவையைப் பாருங்க: 32 பல்லுல 49 கிலோ, 11 பல்லுல 142 கிலோ. முதல்ல சொன்ன எண் இதுதான். அந்த 142 கிலோவை அந்தச் சின்னச் சக்கரத்தோட நாலஞ்சு பல்லுதான் தாங்குது. பல்லு ஒரு பக்கமா சாய்ஞ்சு சுறா மீன் துடுப்பு மாதிரி ஆகிடும்.

முதல் ஓட்டத்துல இது எதுவுமே தெரியாது. அங்கதான் ஏமாந்துடுறோம். மோட்டாருக்குப் பலம் இருக்கிறதால 11 பல்லுலயும் கொஞ்ச தூரம் ஏறிடும். 'ஆஹா, கியரே மாத்த வேணாம் போல'ன்னு தோணும். தயவுசெஞ்சு அந்த எண்ணத்தை நம்பாதீங்க. ஓட்டிப் பார்க்கிறப்ப கால் நிமிஷத்துக்கு எத்தனை தடவை சுத்துதுன்னு எண்ணுங்க. 15 விநாடியில வலது முட்டி 18-லேர்ந்து 20 தடவை மேல வந்தா சரியான கியர். பத்துக்குக் கீழ போச்சுன்னா உடனே கியரை இறக்குங்க, அதாவது பின்னால பெரிய பல்சக்கரத்துக்கு மாத்துங்க.

கியர் மாத்துற முறையும் வேற. சாதா சைக்கிள்ல மேட்டுல நின்னு அழுத்திக்கிட்டே மாத்துவோம். இங்க அப்படி மாத்தினா, உங்க பலத்தோட மோட்டார் பலமும் சேர்ந்து, பல்லு மாறிக்கிட்டிருக்கிற செயின் மேல இறங்கும். 'டக்'னு ஒரு சத்தம் வரும். அது செயின் இணைப்பு வளையுற சத்தமாவும் இருக்கலாம். மேடு தொடங்கும் முன்னாலயே மாத்துங்க. நடுவுல மாத்த வேண்டி வந்தா, காலை நிறுத்தாம அரைச் சுத்து மட்டும் அழுத்தத்தைத் தளர்த்துங்க. டார்க் சென்சார் அதைப் பார்த்து மோட்டாரையும் தளர்த்தும். அப்ப ஒரே ஒரு கியர், பிறகு அடுத்தது. மூணு கியரை ஒரே இழுப்புல இழுக்காதீங்க. கேடன்ஸ் சென்சார் வண்டின்னா, மாத்துறப்ப மோட்டாரை வெட்டுற கியர் சென்சார் இருக்கான்னு கடையில கேளுங்க. இல்லன்னா பிரேக் பிடியை லேசா தொட்டு மோட்டாரை நிறுத்திட்டு மாத்தணும். அதுக்குப் பிரேக் பிடியில மோட்டாரை நிறுத்துற சுவிட்ச் இருக்கணும், அதையும் பார்த்துடுங்க.

சரி, கேமரன்? ஒரு 36 வோல்ட், 14 ஆம்பியர் மணி பேட்டரின்னா 504 வாட் மணி. 100 கிலோவை 1,000 மீட்டர் உயரத்துக்குத் தூக்க மட்டும் 272 வாட் மணி வேணும். மோட்டாரோட இழப்பையும் சேர்த்தா 340 பக்கம் ஆகும். கேமரன் மலையில உள்ள ரிங்லெட் ஊர் அந்த 1,000 மீட்டருக்கும் மேல இருக்கு, டயர் உராய்வும் காத்தும் தனி. மோட்டாரை மட்டும் நம்பினா பேட்டரி வழியிலேயே தீரும். நீங்களும் மூணுல ஒரு பங்கு உழைச்சு, குறைஞ்ச உதவி நிலையில ஏறினா சாத்தியம்தான். முதல் தடவை வழியில இருக்கிற லாத்தா இஸ்கந்தர் அருவி வரைக்கும் போயிட்டுத் திரும்புங்க. பேட்டரி எவ்வளவு இறங்குச்சுன்னு குறிச்சு வச்சா, மிச்ச மலைக்கு உங்க எடைக்கான கணக்கு கையில இருக்கும்.

[காட்சி: செம்பனை மட்டையின் முள், பக்கத்துல டயர்.]

இப்போ தோட்டத்துல ஓட்டுறவங்களுக்கு ரொம்ப முக்கியமான ஒன்னு. செம்பனை மட்டை முள்! வெட்டிப் போட்ட மட்டை மேல ஏறினா டியூப் போச்சு. ஹப் மோட்டார் பின்னால இருந்தா, சக்கரத்தைக் கழட்ட 18 அல்லது 19 மில்லிமீட்டர் ஸ்பேனர் வேணும், மோட்டார் வயரைப் பிரிக்கணும், அச்சு சுழலாம தடுக்கிற வாஷரைத் திரும்பச் சரியா மாட்டணும். சக்கரமும் நல்ல கனம். கிராங்க் மோட்டார்ல பின் சக்கரம் வெறும் சக்கரம். சாதா சைக்கிள் மாதிரி கழட்டி, டியூப் மாத்தி, மாட்டிட்டுப் போகலாம். விளம்பரத்துல யாரும் இதைப் பெருசா சொல்றதில்லை. தோட்டத்து ரோட்டுல இது பெரிய வரம்.

ஆனா செயின் அறுந்தா கதை வேற. மிதிக்காமலேயே கையால ஓட்டுற த்ராட்டில் வச்ச ஹப் மோட்டார்னா வீடு போய்ச் சேரலாம். கிராங்க் மோட்டார் அங்கேயே நின்னுடும், தள்ளிட்டுத்தான் வரணும். பையில எப்பவும் செயின் கட்டர் ஒன்னு, உங்க கியர் எண்ணிக்கைக்குப் பொருந்துற இணைப்பு ரெண்டு வச்சுக்குங்க. ஒன்பது கியர் செயினுக்குப் பதினோரு கியர் இணைப்பு சேராது.

செயின் தேய்மானம் பார்க்க விலையுயர்ந்த கருவி வேணாம், இரும்பு ஸ்கேல் போதும். செயினை இழுத்து நேரா வச்சு, ஒரு ஆணியோட நடுவுலேர்ந்து இன்னொரு ஆணியோட நடு வரை 12 முழு இணைப்பை (அகலமும் குறுகலும் சேர்ந்த ஜோடிதான் ஒரு முழு இணைப்பு) அளங்க. புதுசுல 304.8 மில்லிமீட்டர். 306.3 வந்தா செயினை மாத்துங்க. 307-ஐத் தாண்டவிட்டா பின்னால உள்ள கேசட்டையும், அதாவது பல்சக்கரத் தொகுப்பையும், சேர்த்து மாத்த வேண்டி வரும், வெள்ளி கணக்குல அது பல மடங்கு.

செம்மண்ணும் எண்ணெயும் சேர்ந்தா தேய்க்கிற பசை மாதிரி ஆகிடும். மழையில ஓட்டின அன்னைக்கே வாளித் தண்ணியால கழுவுங்க, துணியால துடைங்க, உருளைக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பத்து நிமிஷம் கழிச்சு வெளிப்பக்கத்தைத் துடைச்சு எடுங்க. கார் கழுவுற பிரஷர் தண்ணியை மோட்டார் பக்கம் காட்டவே காட்டாதீங்க, பேரிங் சீல் வழியா உள்ள போயிடும். இன்னொன்னு, இதை மறக்கவே கூடாது: செயின்ல கை வைக்கும் முன்ன பேட்டரியைக் கழட்டுங்க. கேடன்ஸ் சென்சார் வண்டியில பெடலைக் கையால சுத்தினாலே மோட்டார் கிளம்பும். விரல் போயிடும்.

பேட்டரி: வெயில்ல நிக்கிற காடிக்குள்ள வைக்காதீங்க, ஓட்டி வந்த சூட்டோட சார்ஜ் போடாதீங்க.

சட்டம்: சின்ன மின் வாகனங்களுக்கு 2021 டிசம்பர்லேர்ந்து தனி விதிகள் இருக்கு. வாட்டும் உச்ச வேகமும் எழுதின தாளை ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்து இலாகா) கவுண்டர்ல காட்டி, சாலையில ஓட்டலாமான்னு கேட்டுட்டு அப்புறம் காசைக் கட்டுங்க.

[காட்சி: கிராங்க் பகுதி, கிட்டத்துல.]

கடைக்காரர்கிட்ட கேட்க வேண்டிய கேள்வி ஒன்னு பாக்கி இருக்கு. பெரும்பாலான கிராங்க் மோட்டார் சைக்கிள்ல ஃபிரேமே அந்த மோட்டாருக்குன்னு செஞ்சது. வேற கம்பெனி மோட்டார் அந்த இடத்துல உட்காராது. அதனால "மோட்டார் போனா மலேசியாவுலேயே மாத்துவீங்களா, எத்தனை நாள் ஆகும், முன் பல்சக்கரம் தனியா கிடைக்குமா?"ன்னு கேட்டு, பதிலை எழுதி வாங்குங்க. பதில் மழுப்பலா இருந்தா, வண்டி எவ்வளவு நல்லா ஓடினாலும் வேணாம்.

உங்க வழி முழுக்க சமதரை, லயத்துலேர்ந்து பாசாருக்கு மூணு கிலோமீட்டர்தான்னா, ஹப் மோட்டாரே போதும். விலையும் குறைவு, செயினும் ரொம்ப நாள் உழைக்கும். மேடு இருக்கா, கித்தாக் காட்டுக்குள்ள ஏறி இறங்கணுமா, முட்டி வலி இருக்கா? கிராங்க் மோட்டார் வாங்குங்க, வாங்கினதும் கியரைப் பழகுங்க.

உங்க சைக்கிள்ல முன்னால எத்தனை பல்லு, பின்னால பெரிய சக்கரத்துல எத்தனை பல்லு, நீங்க ஏறுற மேடு எதுன்னு கமெண்ட்ல எழுதுங்க. எந்தக் கியர்ல, நிமிஷத்துக்கு எத்தனை சுத்துல ஏறணும்னு கணக்குப் போட்டு ஒவ்வொருத்தருக்கும் பதில் போடுறோம்.