பத்தொன்பது திறப்புகள்

(மட்டக்களப்புப் பங்கு ஒன்றில், புதிய பங்குத்தந்தை பொறுப்பேற்ற நாளன்று, பணிச்சபையின் செயலாளர் பொறுப்பிலிருந்து விடைபெற்றவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்புக்குரிய பங்குத்தந்தை அவர்களே, அருட்சகோதரிகளே, பங்கு மக்களே,

நேற்று மாலை குருமனை விறாந்தையில் ஒரு திறப்புக் கோர்வை கைமாறியது. மொத்தம் 19 திறப்புகள். விடைபெற்ற பாதர் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். இது நற்கருணைப் பேழைக்கு, இது உண்டியலுக்கு, இது மண்டபத்துக்கு, இது தண்ணீர் மோட்டார் அறைக்கு. பதினாறு வரை தங்குதடையில்லாமல் போயிற்று. மிஞ்சிய மூன்றையும் பார்த்துச் சிரித்துவிட்டு, "இவை நான் வரும்போதே கோர்வையில் இருந்தவை" என்றார். புதிய பாதரும் சிரித்தார். அவர் விட்டுவந்த பங்கில் அப்படி நான்கு இருந்தனவாம்.

வந்தவரைப் பாயோடு ஒட்டவைக்கிற ஊர் என்று மட்டக்களப்பைப் பற்றி வெளியூரார் சொல்வதுண்டு. அந்த மந்திரம் குருமாரிடம் மட்டும் பலிப்பதில்லை. ஆயரின் கடிதம் வந்துவிட்டால் பாயையும் சுருட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார்கள். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 522ஆம் இலக்கத்தைப் பார்த்தால், பங்குத்தந்தை நிலையாக இருக்கவேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறது. ஆயர் பேரவை இடம்கொடுத்தால் கால எல்லை வைக்கலாம். எனக்கு இதில் இரண்டு மனம். எந்த வீட்டில் யார் படுக்கையில் கிடக்கிறார் என்று ஒருவர் அறிந்து முடிக்கும் நேரத்தில் அவரை எடுத்துவிடுகிறார்களே என்று கோபம் வருகிறது. ஒருவரே இருபது வருடம் இருந்தால் நாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம் என்பதும் தெரிகிறது.

மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விடைபெற்ற பாதர் அம்பாறைப் பக்கம் போகிறார். நம்முடைய மறைமாவட்டத்துக்குள்தான், பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பலாம். பாலர் பாடசாலையை நடத்திய சகோதரி மாற்றலாகி, வேறொரு சகோதரி வந்திருக்கிறார். மறைக்கல்விப் பொறுப்பை ஓர் இளம் ஆசிரியர் ஏற்றிருக்கிறார். செயலாளர் பொறுப்பை நான் ஒப்படைத்துவிட்டேன்; யாரும் அழவில்லை.

ஆனால் ஒருவரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. 31 ஆண்டுகளாக நம் கோவில் மணியை அடித்து, பீடத்தை ஒழுங்குபடுத்தி வந்த ஐயா ஓய்வு பெறுகிறார். அவர் எழுந்து நிற்கமாட்டார், கூச்சம். அதோ தூணுக்குப் பின்னால் இருக்கிறார். அவருடைய இடத்துக்கு வருகிறவர் ஒரு இளம்பெண். கடந்த மூன்று வாரங்களாக இருவரும் மணிக்கூண்டின் கீழே நிற்பதைப் பார்த்தேன். மாரியில் கயிறு நனைந்து விறைத்துப்போகும், அப்போது முதல் இழுப்பை அரையோடு நிறுத்திவிட்டு மறு இழுப்பில்தான் நாதம் எடுக்கவேண்டும் என்று அவர் சொல்லிக்கொடுத்தார். துக்க மணிக்கு ஒரு அடிக்கும் மறு அடிக்கும் நடுவே ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடிக்கவேண்டுமாம். அந்தப் பிள்ளை உதடு அசையச் சொல்லிச் சொல்லிப் பழகியது. பணிச்சபையின் எந்தக் கூட்டக் குறிப்பிலும் இது இல்லை. எழுதியவன் நான், எனக்குத் தெரியும்.

சரித்திரம் படிப்பித்தவன் நான். கொஞ்சம் பின்னுக்குப் போகாமல் என்னால் பேசமுடியாது. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைக்குப் போனபின், கத்தோலிக்கக் குருமாருக்கு அவர்களின் ஆட்சிப் பகுதியில் இடமில்லை. 1687இல் கோவாவிலிருந்து யோசேவ் வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் கோலத்தில் வந்து இறங்கும்வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். பூசையில்லை, பாவசங்கீர்த்தனமில்லை. அப்படியிருந்தும், கத்தோலிக்கர் யாரென்று அறிய அவர் செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்தபோது, செபம் தெரிந்த சனம் இருந்தது. அவரும் தன் ஒருவரால் ஆகாது என்று கண்டு, ஊருக்கு ஊர் மூப்பரையும் அண்ணாவியையும் வைத்தார். பிள்ளைகளுக்கு மறையைச் சொல்லிக்கொடுப்பதும், ஞாயிறில் சனத்தைக் கூட்டிச் செபிப்பதும், குரு இல்லாத இடத்தில் ஞானஸ்நானம் கொடுப்பதும் அவர்களின் வேலை. அண்ணாவி என்றதும் நமக்கு மத்தளமும் கூத்துக் களரியும் நினைவுக்கு வரும். பொருத்தம்தான்: ஆடுகிறவன் அடி தவறினால் தாளத்தால் இழுத்துப் பிடிக்கிறவர் அல்லவா அவர்? 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் வாஸ் அடிகளாரைப் புனிதர் என்று அறிவித்தார். அந்த அண்ணாவிமாரின் பெயர்களில் ஒன்றுகூட நமக்குப் பாடமில்லை.

பாதர், நேற்று உங்களிடம் தந்தவற்றில் ஞானஸ்நானப் பதிவேடுகளும் உண்டு. பழையதைத் திறந்து பாருங்கள். 1895 தொடக்கம் இந்தப் பக்கத்தில் பணியாற்றிய பிரெஞ்சு இயேசு சபையார் இலத்தீனில் எழுதிய சரிந்த எழுத்து, பிறகு அமெரிக்கர்களின் உருண்டை எழுத்து, பிறகு தமிழ். 1978 நவம்பர் சூறாவளியில் நனைந்த பக்கங்களில் மை ஊதாவாகப் பரவியிருக்கும். ஓரத்தையும் பாருங்கள். இங்கே ஞானஸ்நானம் பெற்றவர் எங்கே திருமணம் செய்தாலும் அந்தச் செய்தி இந்த ஓரத்துக்குத் திரும்பி வரவேண்டும் என்பது சட்டம். கனடாவும் சுவிற்சர்லாந்தும் அப்படித்தான் நம் அலுமாரிக்குள் வந்து சேர்ந்தன.

இந்த மண்ணில் எல்லாக் குருமாரும் கடிதம் பெற்று மாறிப் போகவில்லை. 1988 ஜூன் 6ஆம் திகதி புளியந்தீவில் அருட்தந்தை சந்திரா பெர்னாண்டோ சுட்டுக் கொல்லப்பட்டார். 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி, மாதாவின் விண்ணேற்பு நாளில், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்ட அருட்தந்தை யூஜின் ஹேபேர்ட் வந்து சேரவேயில்லை. அவர்கள் யாரிடமும் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. அடுத்த ஞாயிறு கதவை யாரோ திறந்தார்கள், யாரோ மணி அடித்தார்கள், சனம் வந்தது.

இனி நமக்கு. "முந்தின பாதர் இப்படிச் செய்யமாட்டார்" என்ற வசனத்தை நாம் எல்லோரும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். முந்தின பாதர் வந்த புதிதில் அவரிடமும் இதையே சொன்னோம், நானும் சொன்னேன். இரண்டாம் பூசையின் நேரத்தை அவர் மாற்றியபோது ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த நேரம் இப்போது நம் பரம்பரை வழக்கமாகிவிட்டது. புதியவர் அதைத் தொட்டால் சண்டைக்கு வருவோம். பாதருக்கு எதுவும் தெரியாது என்று முணுமுணுக்கிறவர், தெரிந்ததைப் போய்ச் சொல்லட்டும். தனிமையில் இருக்கும் கிழவி யார், எந்த வீட்டுக்கும் எந்த வீட்டுக்கும் பேச்சுவார்த்தையில்லை, எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டது. பதிவேட்டில் இவற்றுக்குப் பத்தி இல்லை.

அந்த மூன்று திறப்புகளைப் பற்றி நேற்றிரவே மணி ஐயாவிடம் கேட்டேன். ஒன்று, துருப்பிடித்து மாற்றிய பழைய உண்டியலுக்குரியது. இன்னொன்று அவருக்கும் தெரியாது. நீளமான மூன்றாவது, பழைய கோவிலின் பெரிய கதவுக்குரியதாம். கதவைச் சூறாவளி கொண்டுபோய்விட்டது. "பின்னே ஏன் வைத்திருக்கிறீர்கள்?" என்றேன். "கதவுதானே போனது" என்றார்.

கடைசியாக ஒரு அறிவித்தல். பீடத்துக்கு வலப்பக்கம், இரண்டாவது தீராந்திக்கு மேலே ஓடு விலகியிருக்கிறது. மாரி தொடங்குமுன் ஏறவேண்டும். ஏணி மண்டபத்துக்குப் பின்னால் கிடக்கிறது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் வருவேன். இந்த வயதில் நான் ஏறமாட்டேன், ஏணியைப் பிடிப்பேன். ஏறக்கூடிய நான்கு பேர் தேவை.