முதுகில் நீர் எடுக்கத் தயங்காதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

மூளைக்குள் பூஞ்சை போகுமா என்று கேட்பவர்கள் உண்டு. போகும். தோலில் படரும் படையைப் பற்றி நான் பேசவில்லை. மண்ணிலும் புறா எச்சத்திலும் வாழும் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை, மூச்சோடு நுரையீரலுக்குள் போய், ரத்தம் வழியாக மூளை உறையைப் பிடித்துக்கொள்ளும். உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருக்கும்வரை அது பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். எச்.ஐ.வி. முற்றியவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள், இவர்களிடம்தான் அதிகம் தலைதூக்கும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. அதனால் நோயாளியைத் தயவுசெய்து ஒதுக்கி வைக்காதீர்கள்.

இது மெதுவாக வரும். பாக்டீரியா மூளைக்காய்ச்சல் போல ஒரே நாளில் ஆளைச் சாய்க்காது. இரண்டு மூன்று வாரமாக விடாத தலைவலி, லேசான காய்ச்சல், வாந்தி, பார்வை மங்கல் அல்லது இரட்டையாகத் தெரிவது, பேச்சிலும் நடத்தையிலும் மாற்றம். கழுத்து விறைப்பு இல்லாமலும் போகலாம். ஸ்கேன் சரியாக இருக்கிறது என்று வீட்டுக்குப் போய்விடுவதுதான் எனக்குப் பெரிய கவலை. ஸ்கேனில் ஒன்றும் தெரியாமலே இந்த நோய் இருக்க முடியும்.

உறுதி செய்ய முதுகில் ஊசி போட்டு மூளைத் தண்டுவட நீரை எடுக்க வேண்டும். அப்போதுதான் குடும்பத்தார் தயங்குவார்கள்: "கால் விளங்காமல் போய்விடுமே டாக்டர்?" அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போவது அதற்கும் கீழே. மூளையில் கட்டி இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் முதலில் ஸ்கேன் பார்த்துவிடுவோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நீரை எடுப்பது பரிசோதனை மட்டுமல்ல, வைத்தியமும்கூட. பூஞ்சை, நீர் வடியும் வழியை அடைப்பதால் தலைக்குள் அழுத்தம் ஏறுகிறது. நீர் உயரக் கணக்கில் 20 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டிய அழுத்தம் 25-ஐத் தாண்டினால், தேவைப்பட்டால் தினமும் நீரை எடுத்து இறக்குவோம். பார்வையும் உயிரும் இதனால் காப்பாற்றப்படுகின்றன. இரண்டாம் முறை ஊசி என்றதும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

அப்புறம் மருந்து. 1950-களிலிருந்து இருக்கும் ஆம்போடெரிசின் பி என்ற பூஞ்சைக்கொல்லி மருந்துதான் இன்றும் அடிப்படை. ஏற்றும்போது குளிர் நடுக்கம் வரும், சிறுநீரகம் பாதிக்கும், பொட்டாசியம் குறையும். அதனால் அடிக்கடி ரத்தம் பார்ப்போம். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022-இல் எளிய முறையைப் பரிந்துரைத்தது: கொழுப்புறை கொண்ட லிப்போசோமல் வகையை ஒரே ஒரு முறை, எடை கிலோவுக்கு 10 மில்லிகிராம் ஏற்றி, 14 நாள் ஃப்ளூசைட்டோசின், ஃப்ளூகோனசோல் என்ற வேறு இரண்டு பூஞ்சை மருந்துகளை வாய்வழியே தருவது. எச்.ஐ.வி. மருந்தை இதோடு சேர்த்து உடனே தொடங்குவதில்லை. நான்கிலிருந்து ஆறு வாரம் பொறுத்துத் தொடங்கினால்தான் பாதுகாப்பு.

வேறு பூஞ்சைகளுக்கு வேறு வழி. ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை என்றால் வோரிகோனசோல் என்ற மருந்து. மூக்கிலிருந்து ஏறும் கறுப்புப் பூஞ்சை என்றால் மருந்தோடு அறுவையும் வேண்டும், அதுவும் தாமதமில்லாமல்.

கிரிப்டோகாக்கஸ் நோயாளி நலமாகி வீடு திரும்பிய பிறகும் ஃப்ளூகோனசோல் மாத்திரை மாதக்கணக்கில் தொடரும், பலருக்கு ஓராண்டுக்கு மேல். தலைவலி போய்விட்டதே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். மறுபடி தலைவலி வந்தால் அன்றைக்கே வந்து காட்டுங்கள்.